பதினான்கு தோட்டங்களில் முதலாவது இஞ்சின்

தோட்டத்து வாகனங்களின் வயிற்றைக் கழுவியே தீருவது என்று ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து நான்காம் ஆண்டு கோலாலம்பூர் தலைமை அலுவலகம் தீர்மானித்தது. பெட்ரோலில் கலந்து ஊற்றினால் இஞ்சினில் அடைந்த கரியெல்லாம் கரைந்துபோகும் என்று ஒரு நீலநிறத் திரவம் அப்போது வட சிலாங்கூர் முழுக்கப் பரவியிருந்தது. ஜெராம் மீன் லோரிக்காரர்கள் ஊற்றினார்கள். பத்தாங் பெர்ஜுந்தாயில் மளிகைக்கடை மீரா சாகிபு அதை நல்லெண்ணெய்க்குப் பக்கத்தில் அடுக்கிவைத்து, "இது ஊத்தாத வண்டியும் ஒரு வண்டியா?" என்று வருகிறவர்களையெல்லாம் கேட்டார். வண்டியே இல்லாதவர்கள்கூட வெட்கப்பட்டு ஒரு போத்தல் வாங்கிப் போனார்கள்.

தலைமை அலுவலகம் மட்டும் சும்மா இருக்குமா? சுற்றறிக்கை வந்தது. "பதிவேட்டிலுள்ள சகல வாகனங்களுக்கும் திங்கட்கிழமைதோறும் ஒரு போத்தல் வீதம் சாட்சி முன்னிலையில் ஊற்றப்பட்டு, அதன் பலன் மூன்று பிரதிகளில் தெரிவிக்கப்பட வேண்டியது."

பதினான்கு தோட்டங்களில் ஒன்றில் அலுவலகக் காரின் டிரைவரான இருசப்பனுக்கு மட்டும் இது பெரிய வம்பாகிவிட்டது. காரணம் எளிது. அவன் காரில் இஞ்சின் இல்லை. இரண்டு வருஷத்துக்கு முன் பழுது பார்க்கப் போன இஞ்சின், பட்டறையையே இழுத்து மூடிவிட்டதால் திரும்பி வரவில்லை. தோட்ட நிர்வாகியான துரைக்குச் சொந்தக் கார் இருந்ததால் யாரும் தேடவும் இல்லை. இருசப்பன் தினமும் காரைக் கழுவித் துடைத்து, 'இன்று பயணம் இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவந்தான். பானட்டுக்குள் ஒரு கோழி அடைகாத்தது. விஷயம் வெளியே வந்தால் மறுநாளே செம்பனைக் குலை வெட்டப் போக வேண்டும். அவன் முதுகு அதைத் தாங்காது.

பயந்துபோய், அலுவலகத்துத் தலைமைக் குமாஸ்தாவான பெரிய கிராணி வைரவநாதனிடம் உண்மையைச் சொன்னான். அவர் யாழ்ப்பாணத்து மனிதர். பதிவேட்டில் இருப்பதுதான் உலகம் என்ற கொள்கையுடையவர்.

"இஞ்சினே இல்லீங்களே ஐயா, எதுக்கு ஊத்தறது?"

"வாகனத்துக்கு ஊத்தச் சொல்லியிருக்கு. உன்ர கார் பதிவேட்டில இருக்கு. பிறகென்ன?"

"பலன் எழுதணுமாமே?"

"இஞ்சின் இல்லை எண்டு எழுதப் படிவத்தில இடமில்லை. புகை, சத்தம், பெற்றோல் செலவு. மூண்டுக்கும் உண்மையைச் சொல்லு, போதும்."

அப்படியே நடந்தது. திங்கள்தோறும் கிராணி குடைபிடித்துச் சாட்சி நிற்க, இருசப்பன் வெறும் டாங்கியில் போத்தலைக் கவிழ்த்தான். புகை: இல்லை. சத்தம்: இல்லை. பெட்ரோல் செலவு: இல்லை. ஒரு வார்த்தை பொய் கிடையாது.

மூன்று மாதம் கழித்து, பதினான்கு தோட்டத்து அறிக்கைகளையும் ஒப்பிட்ட தலைமை அலுவலகம் திக்குமுக்காடிப் போனது. மற்ற வண்டிகளெல்லாம் கொஞ்சமாவது புகைந்தன. திரவத்தைச் சிபாரிசு செய்த வாகனப் பிரிவுத் தலைவர் சிவானந்தம், இந்த அதிசயக் காரில் ஏறிப் பார்க்க வியாழக்கிழமை வருவதாகப் போன் செய்தார்.

அன்று இரவு இருசப்பன் வீட்டில் புலம்பித் தீர்த்தான். களை வெட்டும் கும்பலில் வேலை செய்யும் அவன் மனைவி அன்னம்மா அவனைப் பார்த்துச் சிரித்துவிட்டாள்.

"மாரியம்மன் தேரு என்ன இஞ்சின்லயா ஓடுது?"

களை வெட்டும் கும்பலை மேய்க்கும் மண்டோர் முருகையா காரைத் தள்ள எட்டுப் பேரைப் பொறுக்கினார். முதல் ஆள் அன்னம்மா.

வியாழக்கிழமை சிவானந்தம் மாலையோடு காரில் ஏறினார். மேளம் முழங்கியது. எட்டுப் பேரும் பின்னால் வந்து காரில் கைவைத்தார்கள்.

"இது என்ன?"

"தோட்டத்து வழக்கம் சார்," என்றார் முருகையா. "பெரிய மனுசங்க போறப்ப வண்டியிலேருந்து கையெடுக்க மாட்டோம்."

சிவானந்தத்துக்குக் கண் கலங்கியது. கார் நகர்ந்தது. தொழிலாளர் வீடுகளான லயத்தைச் சுற்றிக் கோயிலைக் கடந்து மிதந்து போயிற்று.

"ஒரு ஆட்டமும் இல்லலா! இஞ்சின் ஓடுதான்னே தெரியலயே!"

"எனக்கும் அப்படித்தான் சார் இருக்கு," என்றான் இருசப்பன், பயபக்தியோடு.

அதோடு விட்டிருக்கலாம். மனிதர் இறங்கி, யாரும் தடுப்பதற்குள் பானட்டைத் திறந்துவிட்டார். கோழி எழுந்து நின்று அவரைப் பார்த்தது. அவர் கோழியைப் பார்த்தார். மேளம் நின்றது.  இஞ்சின் எங்கே என்று அவர் வாய் திறந்தால், பதினான்கு தோட்டத்துக்கும் இந்தத் திரவத்தை வாங்கச் சொன்ன புண்ணியவான் யார் என்ற கேள்வியும் எழும். சிவானந்தம் பானட்டை மெதுவாக மூடினார்.

"இவ்வளவு சுத்தமாக்கும்னு நானே எதிர்பாக்கல," என்றார்.

வைரவநாதன் அதை மூன்று பிரதிகளில் குறித்துக்கொண்டார்.

அடுத்த வாரமே உத்தரவு வந்தது. இருசப்பனின் பதவி நிரந்தரம். மற்றப் பதின்மூன்று தோட்டங்களும் ஆறு மாதத்துக்குள் இதே சுத்தத்தை எட்ட வேண்டும். பெட்ரோல் சிக்கனத்தை முன்னிட்டு, துரை இனி அலுவலகக் காரிலேயே பயணம் செய்ய வேண்டும்.

இருசப்பன் முதல் வரியோடு தாளை மடித்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினான். அன்னம்மா முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"வேல நிரந்தரமாயிருச்சு புள்ள!"

"தெரியும். எங்க எட்டுப் பேரையும் களைவெட்டுலேருந்து உங்க காருக்கு மாத்திட்டாங்க," என்றாள் அவள். "நாளைக்குத் துரை செகிஞ்சான் போறாராம். இருபத்தஞ்சு மைல்கட்டைக்கு மேல. நீங்க ஸ்டியரிங்க நேராப் புடிங்க, போதும்."