எடைக்கு எடை கற்கண்டு

என் மகன் சிவமுருகன் பத்தாம் வகுப்புத் தேறியதில் எனக்குப் பெருமைதான். ஆனால் அவன் தேறினால் பழனியில் அவன் எடைக்கு எடை கற்கண்டு துலாபாரம் கொடுப்பதாக என் மனைவி லீலா நேர்ந்துகொண்டிருந்தாளாம். ரிசல்ட் வந்த பிறகுதான் சொன்னாள். கொடைக்கானல் ஏரிக்கரையில் ஸ்வெட்டர் கடை வைத்திருப்பவன் நான். ஆளைப் பார்த்ததுமே அளவு சொல்லிவிடுவேன். பையனைப் பார்த்தேன். டபுள் எக்ஸ்எல். கற்கண்டு விலையை மனசுக்குள் பெருக்கிப் பார்த்தேன்.

அந்த நிமிடமே அவன் உடல்நலத்தில் எனக்கு அளவற்ற அக்கறை பிறந்துவிட்டது.

"லீலா, இனிமே இவனுக்குப் பூரி கெடையாது. கேக் கெடையாது. அவிச்ச கேரட்டு, பீன்ஸ், ஓட்ஸ் கஞ்சி. அவ்வளவுதான்."

"திடீர்னு என்னங்க இது?"

"எல்லாம் ஹெல்த்துக்குத்தான். பெத்தவனுக்குக் கவலை இருக்காதா?"

"துலாபாரத்துக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லையே?"

"சேச்சே! சாமி விஷயத்துல கணக்குப் பாப்பேனா?"

அவள் உடனே சரியென்று தலையாட்டிவிட்டு அடுப்படிக்குப் போனாள். அங்கேயே நான் பயந்திருக்க வேண்டும். சந்தோஷப்பட்டுத் தொலைத்தேன்.

மறுநாள் வெள்ளனே பையன் முன்னால் கேரட் கிண்ணம் வந்தது. அவன் முகம் சுருங்கிவிட்டது.

"அம்மா, நான் அவ்வளவு அசிங்கமாவா இருக்கேன்?"

எனக்குச் சுருக்கென்றது. கற்கண்டு விலையை நினைத்து மனசைத் தேற்றிக்கொண்டேன்.

அடுப்படியிலிருந்து லீலா ஒரு தட்டோடு வந்தாள். "ஏங்க, பெசஞ்ச மாவு அப்படியே கெடக்கு. வீணாப் போகுது. நீங்க ரெண்டு பூரி சாப்பிடுங்க."

எதுவும் வீணாவது எனக்குப் பிடிக்காது. ரெண்டு என்பது ஏழானது. மதியம் அவனுடைய உருளைக்கிழங்கு வறுவல் வீணாகப் பார்த்தது. சாயங்காலம் பிளம் கேக். மகனின் ஆரோக்கியத்துக்காக அந்த மாதம் முழுக்க நான் ஒருவனே மென்றேன். சட்டைப் பொத்தான் இரண்டு தெறித்தபோது கூடத் தையல்காரரைத்தான் திட்டினேன்.

துலாபார நாளும் வந்தது. பழனிக்கு இறங்கினோம். கோவிலில் தராசு தயார்.

"ஏலே, வெரசா ஏறு!" என்று பையனைத் தள்ளினேன்.

லீலா அவன் கையைப் பிடித்து நிறுத்தினாள். "நீ இருய்யா. அப்பா ஏறட்டும்."

"நானா?"

"புள்ள வயித்தக் காயப்போட்டு சாமிக்குக் கொறைக்கிறது பாவம்ங்க. நீங்க திட்டம் போட்ட அன்னைக்கே முருகன்கிட்ட மன்னிப்புக் கேட்டு வேண்டுதல மாத்திட்டேன். அவன் எடைக்குப் பதிலா உங்க எடை."

"எங்கிட்ட சொல்லவே இல்லையே!"

"சொன்னா பூரியத் தொட்டிருப்பீங்களா?"

"அப்ப இவன்? மாசம் பூரா கேரட்டா தின்னான்?"

"வளர்ற புள்ளைங்க. நீங்க கடைக்குக் கெளம்புனதும் சோறு, கீரை, சுண்டல்னு வயிறார சாப்பிட்டான். சாயங்காலம் எங்கூட ஏரியச் சுத்தி நடந்தான். அவனுக்கு ஒண்ணும் கொறையில்ல."

பையன் என்னைப் பார்த்துச் சிரித்தான். பின்னால் வரிசை நீண்டிருந்தது. சாமி வேறு பார்த்துக்கொண்டிருந்தார். ஏறி உட்கார்ந்தேன். என் தட்டு தொப்பென்று தரையில் அமர்ந்தது. எதிர்த்தட்டில் மூட்டை மேல் மூட்டையாகக் கற்கண்டு ஏறியது. நான் அசையவில்லை.

லீலா பரிவோடு அருகில் வந்து குனிந்தாள்.

"ஏங்க, அந்தச் சட்டையக் கழட்டிக் குடுங்க. அந்த எடையாவது மிச்சமாகட்டும்."