இருதயம்மாள் கொடுக்காத குப்பை

எங்கள் வீதியில் யார் யார் குடியிருக்கிறார்கள் என்பதைக் குப்பையை வைத்துத் தீர்மானிப்பது என்று இல்லத் தற்சார்பு ஊக்குவிப்பு அலுவலகம் சென்ற ஆண்டு முடிவு செய்தது. இதில் சிரிக்க ஒன்றுமில்லை. ஆள் பொய் சொல்லலாம், ரேஷன் கார்டு பொய் சொல்லலாம், குப்பை எப்படிப் பொய் சொல்லும்? ஒவ்வொரு கதவிலும் ஒரு க்யூஆர் ஸ்டிக்கர் ஒட்டினார்கள். காலையில் வண்டியோடு வரும் சென்னியம்மாள் குப்பையை வாங்கி எடை போட்டு, போனை ஸ்டிக்கருக்கு நேரே காட்டுவாள். 'பீப்' என்று கேட்டால் அந்த வீட்டில் ஆள் இருக்கிறது என்று மேலிடத்துக்குத் தெரிந்துவிடும்.

பதினேழாம் நம்பர் வீட்டில் மட்டும் பீப் கேட்கவே இல்லை.

அங்கே இருப்பது இருதயம்மாள். மில்லில் முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வீட்டுக்காரர் இறந்த பிறகு மொட்டை மாடியே கதி என்று ஆகிவிட்டார். கத்தரி, கீரை, அவரைப் பந்தல், நீல டிரம்மில் பப்பாளி, ஆறு கோழி. காய்த்தோல் கோழிக்குப் போகும், கோழி எச்சம் தொட்டிக்குப் போகும், தொட்டியில் காய்த்தது குழம்புக்குப் போகும், குழம்புச் சட்டி கழுவிய தண்ணீர் பப்பாளிக்குப் போகும். அந்த வீட்டிலிருந்து எதுவும் வெளியே போனதை நான் பார்த்ததில்லை. இரண்டு வீடு தள்ளி இருக்கிறேன், எனக்குத் தெரியாமல் போகாது.

ஒருநாள் நோட்டீஸ் வந்தது. தொண்ணூறு நாட்களாகக் குப்பை பெறப்படாமையால் மேற்படி கட்டடம் ஆளற்றதெனக் கருதப்படுகிறது. ஆளற்ற கட்டடத்துக்குத் தாகம் எடுக்க வாய்ப்பில்லை என்பதால் மாத இறுதியில் குடிநீர் இணைப்பு துண்டிக்கப்படும். இதை இருதயம்மாளிடமே கொடுத்துக் கையெழுத்தும் வாங்கிக்கொண்டு போனார்கள்.

அவரைக்கொடி அப்போதுதான் பூவெடுத்திருந்தது. தண்ணீர் நின்றால் ஒரே வாரத்தில் மாடி கருகிவிடும். அவர் முகத்தைப் பார்க்க எனக்கே சங்கடமாக இருந்தது. துணைக்குப் போனேன்.

தற்சார்பு அலுவலர் வின்ஸ்டன் தங்கமான மனிதர். உட்கார வைத்து, பேப்பர் கப்பில் டீ கொடுத்துவிட்டுத்தான் விஷயத்துக்கு வந்தார்.

"ஏனுங் சார், நானு அந்த ஊட்லதான் இருக்கறனுங்க," என்றார் இருதயம்மாள்.

"நீங்க இருக்கறது எனக்குத் தெரியுதுங்கம்மா. சிஸ்டத்துக்குத் தெரியோணுமில்லீங்க."

"ஒருக்கா வந்து மாடியப் பாத்துப்போட்டுப் போங்க."

"ஆளில்லாத ஊட்டுக்குள்ள அதிகாரி நுழையக்கூடாதுங்கம்மா. அது அத்துமீறலுங்க."

குப்பையே இல்லாத வீட்டுக்குத்தானே உங்கள் அலுவலகம் விருது கொடுக்கிறது என்று நான் இடையில் புகுந்தேன். வின்ஸ்டன் பொறுமையாக விளக்கினார். விருது குப்பையைக் குறைத்தவர்களுக்கு. குறைக்க வேண்டுமானால் முதலில் இருக்க வேண்டும். இருதயம்மாள் எடுத்த எடுப்பிலேயே பூஜ்யத்தில் நிற்பதால் அவர் குறைப்பதற்கு வழியே இல்லை. ஆகவே முறைப்படி கொஞ்ச நாள் குப்பை போட்டு, பிறகு முறைப்படி நிறுத்த வேண்டும். யோசித்துப் பார்த்தால் சரியாகத்தான் இருந்தது. அதுதான் எனக்குப் பயமாகவும் இருந்தது.

மறுநாள் காலை இருதயம்மாள் தேங்காய் நாரோடு வாசலில் நின்றார். சென்னியம்மாள் கை நீட்டியதும், பாத்திரம் தேய்க்க ஆகுமே என்று பின்னால் இழுத்துக்கொண்டார். அடுத்த நாள் கிழிந்த சேலை. பந்தல் கட்ட ஆகும். அதற்கடுத்த நாள் ஓட்டை பக்கெட். சென்னியம்மாள் வாங்கி வண்டியில் போட்டேவிட்டாள். இருதயம்மாள் வீதி முனைவரை ஓடிப்போய், அதில் கீரை போடலாம் என்று கெஞ்சி வாங்கி வந்தார்.

"அக்கா, உங்களுக்குக் குப்பை போடற கையே இல்லீங்க," என்று சென்னியம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள்.

மாதம் முடிய ஆறு நாள் இருந்தது. கடைசியில் எதிர் வீட்டுப் பூஜிதாவிடம் போனோம். பம்பு கம்பெனிக்காரர் வீட்டு மருமகள். நாற்பது நாள் ஆன்லைனில் தற்சார்பு வாழ்க்கை படித்துத் தேறியவள். தற்சார்புக்குத் தேவையான சகலமும் அவளுக்குப் பெட்டியில் வந்துகொண்டிருந்தன. மூங்கில் பல் பிரஷ் ஒரு பெட்டியில், அந்தப் பெட்டி இன்னொரு பெட்டியில். வரட்டி, தெர்மாகோல் சுற்றி, உடையும் பொருள் என்று முத்திரை குத்தி. பொள்ளாச்சித் தேங்காய் நார்த்தூள், தில்லிக்குப் போய்ப் பெயர் மாற்றிக்கொண்டு திரும்பி வந்திருந்தது.

"அம்மணி, உங்கூட்டுக் குப்பையக் கொஞ்சம் கடன் தர்றீங்களா?" என்று கேட்டார் இருதயம்மாள். கேட்கும்போதே வெட்கப்பட்டார்.

"எல்லாத்தையும் எடுத்துக்கங்க ஆன்ட்டி," என்றாள் பூஜிதா. கையில் கிடைத்த பெட்டிகளையெல்லாம் அடுக்கிக் கொடுத்தாள்.

பீப் கேட்டது. பதினேழாம் நம்பர் வீடு உயிர்பெற்றது. தண்ணீர் பிழைத்தது, அவரைக்கொடியும் பிழைத்தது. இருதயம்மாள் அன்று வீதிக்கே அவரைக்காய்ப் பொரியல் கொடுத்தார்.

அத்தோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் சிஸ்டம் ஒன்றைக் கவனித்துவிட்டது. பூஜிதா வீட்டுக் குப்பை வாரம் ஒன்பது கிலோவிலிருந்து பூஜ்யத்துக்கு விழுந்திருந்தது. இருதயம்மாள் வீட்டுக் குப்பை பூஜ்யத்திலிருந்து ஒன்பது கிலோவுக்கு எகிறியிருந்தது. ஆகவே பூஜிதாவுக்குத் 'தற்சார்பு இல்லம்' விருதும் பொன்னாடையும். இருதயம்மாளுக்கு எச்சரிக்கைக் கடிதமும், பொறுப்பற்ற குடியிருப்பாளர்களுக்கான மூன்று நாள் கட்டாய வகுப்பும்.

வகுப்பை எடுத்தது பூஜிதா. செய்முறைக்கு மாடித்தோட்டம் வேண்டும். சுற்றுவட்டாரத்தில் இருந்தது ஒன்றே ஒன்று. இருதயம்மாள் தன் மாடியில் தானே பாய் விரித்து, எல்லோருக்கும் மோர் கொடுத்து, கடைசி வரிசையில் மாணவியாக உட்கார்ந்தார். பூஜிதா ஒரு இலையைப் பிடித்து, இது எந்தச் செடி ஆன்ட்டி என்று மெதுவாகக் கேட்டாள். கத்தரி என்று இருதயம்மாள் சொன்னார். பூஜிதா அதை உரக்கச் சொன்னாள். வின்ஸ்டன் குறித்துக்கொண்டார். வகுப்பில் தூங்கியதாக இருதயம்மாளுக்கு மதிப்பெண்ணில் இரண்டு குறைத்தார்கள். அது அநியாயம், தூங்கியது துணைக்குப் போன நான்.

விருதின் சூட்சுமம் வீதிக்குப் புரிந்துபோயிற்று. குப்பையைக் குறைக்க எளிய வழி, அதை இருதயம்மாளிடம் கொடுப்பது. மற்ற நாற்பத்திரண்டு வீடும் பையும் கையுமாகப் பதினேழாம் நம்பருக்கு நடந்தது. வாங்க ஆள் இருக்கும்போது வெட்கம் எதற்கு? பக்கத்து வீதியிலிருந்து வின்ஸ்டனும் ஸ்கூட்டரில் ஒரு மூட்டை கொண்டுவந்து வைத்தார். வேண்டாம் என்று சொல்ல இருதயம்மாளுக்கு வாய் வரவில்லை. பாதியைக் கோழிக்கும் தொட்டிக்கும் தள்ளினார், மீதியைச் சென்னியம்மாளிடம் கொடுத்தார். அந்த ஒரு கதவு மட்டும் தினமும் விடாமல் பீப் அடித்தது.

எங்களுக்கெல்லாம் விருது வந்தது. நாற்பத்திரண்டு பொன்னாடை. என்னுடையது பச்சை. அதுவும் ஒரு பெட்டியில்தான் வந்தது. பெட்டியையும் இருதயம்மாளிடமே கொடுத்தேன்.

தொண்ணூறாவது நாள் நாற்பத்திரண்டு நோட்டீஸும் வந்தது. மேற்படி வீதி ஒரே ஒரு கட்டடம் நீங்கலாக ஆளற்றதெனக் கருதப்படுகிறது. எங்களிடமே கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்கள். மாதம் முடிந்த மறுநாள் குழாயில் காற்று வந்தது.

இப்போது காலையில் நாங்கள் குடத்தோடு பதினேழாம் நம்பர் வாசலில் வரிசையில் நிற்கிறோம். எனக்கு முன்னால் பூஜிதா, அவளுக்கு முன்னால் வின்ஸ்டன். அவர் வீதியிலும் இதே கதைதான். தனக்குத்தானே நோட்டீஸ் அனுப்பிக்கொண்டாராம், கடமை தவறாதவர். இருதயம்மாள் ஹோஸைப் பிடித்து எல்லோருக்கும் நிரப்பிக் கொடுக்கிறார். ஒரு வார்த்தை குத்திக்காட்டவில்லை. அது இன்னும் சங்கடமாக இருக்கிறது.

நேற்று வின்ஸ்டன் தயங்கித் தயங்கிக் கேட்டார், "ஏனுங்கம்மா, எங்க ஊட்டுக் குப்பையக் கொஞ்சம் திருப்பித் தந்தீங்கன்னா, ஒரு பீப் அடிச்சுக்குவனுங்க."

"அதெல்லாம் மண்ணாப் போச்சுங்களே சார். வேணும்னா வெண்டைக்காய் தர்றனுங்க," என்றார் இருதயம்மாள்.

ஒரு குடம் தண்ணீரில் சமையல் ஏது, சமையல் இல்லாமல் குப்பை ஏது? ஆக, நாங்கள் உயிரோடிருப்பதை நிரூபிக்க உடனடியாகக் குப்பை தேவைப்படுகிறது. வீதியில் எல்லோரும் போனை எடுத்துவிட்டார்கள். நானும் இன்று மூங்கில் பல் பிரஷ் ஒன்று ஆர்டர் செய்திருக்கிறேன். பிரஷ் எப்படி இருந்தாலும் பாதகமில்லை, பெட்டி பெரிதாக இருக்க வேண்டும் என்று குறிப்பில் எழுதியிருக்கிறேன்.