ஹுமாயூன் எழுதிய நாற்பத்தொரு பாலைவனக் குறிப்புகள்

ஆரிபா சோற்றைப் போட்டாள். மீன் குழம்பை ஊற்றினாள். மூன்றாவதாகக் குண்டைப் போட்டாள்.

“மச்சான், டிசம்பர்ல பாலைவனம் பாக்கப் போவோமா?”

ஹுமாயூனுக்குப் புரையேறியது. தலையில் தட்டிக்கொண்டார். தண்ணீர் குடித்தார். கண்ணைத் துடைத்தார். தேவையில்லாமல் இன்னும் நாலு தடவை இருமினார். இத்தனை அவகாசம் எடுத்துக் கடைசியில் கேட்டது இதுதான்.

“எந்தப் பாலைவனம்?”

“ராஜஸ்தான். கருத்தையா டிராவல்ஸ்ல பத்து நாளு கூட்டிப் போறாராம். ஜெய்ப்பூர், ஜோத்பூர், ஜெய்சல்மேர். எல்லாம் பழைய ஊரு, மலை மலையா கோட்டை. கடைசில மணல்மேடு. ஒட்டகத்துல ஏத்திவிடுவாகளாம்.”

“பழைய ஊரா? வெள்ளக்காரன் ப்ளைட் புடிச்சு நம்ம காரைக்குடிக்கு வந்து பழைய வீட்டப் பாக்குறான். நீ இங்குட்டு இருந்துக்கிட்டு அங்குட்டு ஓடுறே!”

“இங்குட்டு ஒட்டகம் இல்லையே மச்சான்.”

ஒட்டகம் என்றதும் ஹுமாயூன் சுவரைப் பார்த்தார். ஹாலின் நடுச்சுவரில் சட்டம் போட்ட படம். கறுப்புக் கண்ணாடியோடு அவர். தோளுக்குப் பக்கத்தில் ஒட்டகம். தினமும் அதைத் துடைக்கும்போது ஆரிபா ஒன்று சொல்வாள்: “இந்த ஒட்டகம் மட்டும் இருபது வருசமா ஒரே மாதிரி சிரிச்சுக்கிட்டு இருக்கு.” “அரபு ஒட்டகம் புள்ள, நல்ல சாதி” என்பார் அவர்.

குவைத்தில் இருபத்திரண்டு வருடம் இருந்து வந்த ஹுமாயூனைத் தெருவே பாலைவனப் புலி என்று வைத்திருந்தது. டீக்கடையில் அவர் வாயைத் திறந்தால் காற்று மாறும். “மணல்காத்து வருது பாருங்க... ஊஊஊ... எதிர்ல நிக்கிறவன் மூக்கு தெரியாது! மூணு நாளு! நாலு பேரு! ஒரே ஒரு பேரீச்சம்பழம்!” கேட்பவர்கள் தங்களை அறியாமல் டீ கிளாஸை உள்ளங்கையால் மூடிக்கொள்வார்கள். மணல் விழுந்துவிடக் கூடாதல்லவா.

நமக்குள் இருக்கட்டும். ஹுமாயூன் பாலைவனத்தைப் பார்த்ததே கிடையாது.

அவர் இருந்தது ஒரு பெரிய சூப்பர் மார்க்கெட்டின் குளிர்கிடங்கில். மைனஸ் பதினெட்டு டிகிரி. விடியுமுன் கம்பெனி பஸ், கறுப்புத் திரை. கிடங்குக்குள் போனால் உறைந்த கோழி, உறைந்த மீன், உறைந்த பட்டாணி, உறைந்த ஹுமாயூன். இருட்டிய பிறகு அதே பஸ், அதே திரை. வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்தால் தூக்கம். அந்த ஒட்டகமும் கடை வாசலில் நின்ற பைபர் ஒட்டகம்தான். காலடியில் ‘தொடாதீர்கள்’ என்று எழுதியிருந்தது. அந்தப் பகுதியைச் சட்டம் மறைத்துவிட்டது.

முதல் லீவில் வந்தபோது ஆரிபா கண்ணை அகல வைத்துக்கொண்டு கேட்டாள். “பாலைவனம் எப்படி இருக்கும் மச்சான்?” கல்யாணமாகி நாற்பதே நாள் கூட இருந்துவிட்டுப் போனவர், ‘கோழிப் பெட்டிக்கு நடுவில் மூக்கு ஒழுக நின்றேன்’ என்று எப்படிச் சொல்வார்? ஒரே ஒரு ஒட்டகத்தை அவிழ்த்துவிட்டார். அடுத்த லீவில் அது மந்தையானது. அதற்கடுத்த லீவில் மந்தையைக் கொள்ளைக்காரர்கள் துரத்தினார்கள்.

குளிர்கிடங்கு அவரிடம் விட்டுவைத்தது ஒரே ஒரு பழக்கம். கதவை மூடுமுன் உள்ளே தலையை நீட்டி, “அந்தர் கோயி ஹை?” என்று கேட்டு மூன்று எண்ண வேண்டும். உள்ளே யாரும் இருக்கிறீர்களா என்று. ஒருநாள் யாரோ கேட்காமல் மூடிவிட்டுப் போக, ஹுமாயூன் முக்கால் மணி நேரம் உள்ளே கிடந்தார். அன்றிலிருந்து கதவு என்று எது இருந்தாலும் கேட்டுவிட்டுத்தான் மூடுவார். குளியலறை, பீரோ, அரிசி டிரம் உட்பட.

எதிர்வீட்டு நாகஜோதி ஒருநாள் பிடித்துக்கொண்டாள். முப்பது பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கும் குரல் அவளுக்கு. “அரிசி டிரம்ல யாருண்ணே இருக்கப் போறாக?”

“இது பாலைவனத்துப் பழக்கம் தங்கச்சி. கூடாரத்த மூடுறதுக்கு முன்னாடி குரல் குடுக்கணும். தேளு இருந்தா வெளிய போயிரும்.”

“தேளுக்கு இந்தி தெரியுமாண்ணே?”

ஆரிபா அன்றைக்குச் சிரிக்கவில்லை. முருங்கைக்கீரையை உருவிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து அவரை ஒருமுறை பார்த்தாள். அவ்வளவுதான்.

இப்போது இவளோடு ராஜஸ்தான் போனால் என்ன ஆகும்? ஒட்டகத்தில் எந்தப் பக்கம் ஏறுவது என்றுகூடத் தெரியாது. இருபத்திரண்டு வருடப் பெருமை ஒட்டகத்தின் காலடியில் பொத்தென்று விழும். ஹுமாயூன் சோற்றைப் பிசைந்தபடியே திட்டம் தீட்டினார்.

“போகலாம் புள்ள. ஆனா பாலைவனம்னா சும்மாவா? குறிப்பு எழுதித் தாரேன். படிச்சுட்டு நீயே முடிவு பண்ணு.”

மூன்று நாள் உட்கார்ந்து நாற்பத்தொரு குறிப்புகள் எழுதினார். படிப்பவர் பயந்துபோய் ஜன்னலைச் சாத்திக்கொள்ள வேண்டும். நாகஜோதி அதை வாங்கி, பாடம் ஒப்பிக்கிற ராகத்தில் வாசித்தாள்.

“குறிப்பு ஒன்று. தலைக்கு ஒரு நாளைக்குப் பன்னிரண்டு லிட்டர் தண்ணீர். சுமப்பவருக்குக் கூடுதலாக இரண்டு.

“குறிப்பு ஆறு. செருப்பைப் போடுமுன் உதறவும். தேள் விழும். விழாவிட்டால் இன்னும் பலமாக உதறவும்.

“குறிப்பு பதினொன்று. ஒட்டகத்தைக் கண்ணுக்கு நேரே பார்க்கக் கூடாது. பன்னிரண்டு வருடம் ஞாபகம் வைத்திருந்து துப்பும்.

“குறிப்பு இருபத்துமூன்று. பழைய நகரத்தில் எல்லாச் சந்தும் ஒன்றுபோல இருக்கும். உள்ளே போனவர்கள் திரும்பியதாகத் தகவல் இல்லை.

“குறிப்பு முப்பது. இரவிலும் மணல் வறசட்டி மாதிரி கொதிக்கும். ஸ்வெட்டர், கம்பளி அறவே கூடாது.”

கடைசிக் குறிப்பை மட்டும் ஹுமாயூன் தனக்காகவே, தப்பிக்கும் வாசலாக, எழுதிவைத்திருந்தார்.

“குறிப்பு நாற்பத்தொன்று. பாலைவனத்தில் பல வருடம் காய்ந்த உடம்பு மறுபடி அந்த மண்ணை மிதிக்கவே கூடாது. மிதித்தால் பழைய சூடு கிளம்பி நேரே தலைக்கு ஏறும். உயிருக்கு உத்தரவாதம் இல்லை.”

ஆரிபா பயப்படவில்லை. அடேயப்பா, அடேயப்பா என்று கன்னத்தில் கை வைத்துக் கேட்டாள். மறுநாள் இரண்டு தண்ணீர் கேன் வாங்கி வந்தாள்.

“இப்பவே பழகிக்கிருவோம் மச்சான். மானகிரி வரைக்கும் நடந்துட்டு வருவோமா?”

காலை பதினொரு மணி வெயில். ஆரிபா குடைக்குக் கீழே. ஹுமாயூன் கேன்களுக்கு நடுவே. பாதி வழி தாண்டவில்லை, வேப்பமரத்தடியில் சரிந்துவிட்டார். ஒரு கேனைத் தலையில் கவிழ்த்துக்கொண்டார்.

“இருபத்திரெண்டு வருசம் வெயில்ல காஞ்ச உடம்பா மச்சான் இது?”

“அது... காஞ்ச வெயிலு. இது ஈர வெயிலு புள்ள.”

“ஓ. சரி.”

சண்டை போடுகிற பெண்டாட்டியைச் சமாளித்துவிடலாம். ‘சரி’ என்கிறவளை என்ன செய்வது?

ஞாயிற்றுக்கிழமை, நாகஜோதியும் கூட இருக்க, கருத்தையா வீட்டுக்கு வந்தார். மைக் இல்லாமலேயே மைக்கில் பேசுகிறவர். “அன்பான பயணிகளே! நாம முதல்ல பாக்கப்போறது ஜெய்ப்பூரு, ஊரே ரோஸு! அடுத்தாப்ல ஜோத்பூரு, ஊரே நீலம்! கடைசியா ஜெய்சல்மேரு, கோட்டையே தங்கக் கலரு! ஒரே ஒரு விண்ணப்பம், ஆளுக்கொரு ஸ்வெட்டர் கட்டாயம். பொழுது சாஞ்சா மணலு ஐஸாட்டம் ஆயிரும்.”

“ஐஸா?” ஹுமாயூன் துள்ளினார். “பாலைவனத்துலயா? யாருகிட்ட வந்து சொல்லுறீக?”

“அண்ணே, நான் வருசத்துக்கு நாலு தடவ போறேன்.”

ஆரிபாதான் காப்பாற்றினாள். “இவக இருந்தது வேற பாலைவனம்ங்க.”

கருத்தையா மேஜைமேல் வழவழ தாளில் அச்சடித்த படங்களைப் பரப்பினார். ஹுமாயூன் வேண்டாவெறுப்பாக ஒன்றை எடுத்தார். மணல். கண்ணுக்கெட்டும் வரை மணல். அதன்மேல் காற்று போட்டுவிட்டுப் போன வரி வரியான மடிப்பு. ஒரு மனிதக் காலடிகூட இல்லை. இதையா இத்தனை வருடம் ஊஊஊ என்று ஊதிக் கெடுத்தோம்? திரைக்கு அந்தப் பக்கம், பஸ்ஸுக்கு வெளியே, எட்டுகிற தூரத்தில் இதுவா கிடந்தது? முதல்தடவையாக அவருக்கு ஆசை வந்தது. பக்கத்தில் ஆரிபாவோடு அந்த மடிப்பின்மேல் ஒரே ஒருமுறை நடந்துவிட வேண்டும் என்று.

“அப்ப ரெண்டு சீட்டு. அக்கா பேரு, அண்ணன் பேரு. எழுதிரவா?”

“எழுதுங்க, எழுதுங்க” என்றார் ஹுமாயூன், அவசரமாக.

“இல்லைங்க” என்றாள் ஆரிபா. “நானும் நாகஜோதியும்.”

“அப்ப நானு?”

“நாகஜோதி, அந்தக் கடைசிக் குறிப்ப வாசி.”

நாகஜோதி வாசித்தாள். தெருமுனை வரைக்கும் கேட்டிருக்கும். உயிருக்கு உத்தரவாதம் இல்லை என்ற இடத்தில் கருத்தையா தொப்பியைக் கழற்றினார்.

“அது சும்மா... பொதுவா எழுதுனது புள்ள.”

“எனக்கு நீங்க உசிரோட வேணும் மச்சான்.”

“துணைக்கு வாரேனே. தண்ணி சுமக்குறேனே.”

“நீங்கதான் அலுக்க அலுக்கப் பாத்துட்டீகளே. இருபத்திரெண்டு வருசமா நீங்க பாத்துட்டு வந்து சொன்னீக, நான் இங்க உக்காந்து கேட்டேன். இந்தத் தடவ நான் பாத்துட்டு வந்து சொல்லுறேன். நீங்க உக்காந்து கேளுங்க.”

அவள் குரல் உயரவே இல்லை. ஒவ்வொரு லீவிலும் ‘அடுத்த வருசம் உன்னையக் கூட்டிப் போறேன்’ என்று அவர் சொன்னதையெல்லாம் யாரோ அந்தக் குரலில் அடுக்கிவைத்தது மாதிரி இருந்தது.

நான் பாலைவனத்தைப் பார்த்ததே இல்லை. நாலே வார்த்தை. சொல்லிவிட்டால் சீட்டு கிடைத்துவிடும். மூன்று பேரும் அவர் முகத்தையே பார்த்தார்கள். ஹுமாயூன் வாயைத் திறந்தார். உள்ளே உண்மை நின்றுகொண்டிருந்தது. யாரும் இருக்கிறீர்களா என்று கேட்காமலே மூடிக்கொண்டார்.

புறப்படுவதற்கு முந்தின நாள் ஆரிபா பரணிலிருந்து ஒரு மூட்டையை இறக்கினாள். அவிழ்த்தால், கரடித்தோல் மாதிரி ஒரு நீல ஜாக்கெட். முதுகில் 1147 என்று கிடங்கு நம்பர்.

“அத எதுக்குத் தொட்டே?”

“ராத்திரி குளிருமாமே. ஆமா, கொதிக்கிற பாலைவனத்துல இது எதுக்கு மச்சான்?”

“அது... மணல்காத்துக்கு.”

“ஓ. சரி.”

காரைக்குடி ஸ்டேஷனில் கருத்தையா கொடியாட்ட, நாகஜோதி வருகைப்பதிவு எடுக்க, ரயில் போய்விட்டது. ஹுமாயூன் வீட்டுக்கு வந்தார். ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. ஆரிபாவின் கையெழுத்து.

‘வீட்டில் தங்குறவகளுக்கான குறிப்புகள். ஒண்ணு, தண்ணி பன்னெண்டு லிட்டர் வேணாம், குடத்துல இருக்கு. ரெண்டு, அடுப்படி அலமாரி எல்லாம் ஒண்ணுபோல இருக்கும். உள்ள போனவக திரும்புனதாத் தகவல் இல்லை. மூணு, பத்து நாளு சாப்பாடும் ஃப்ரீசர்ல டப்பா போட்டு நம்பர் எழுதி வச்சிருக்கேன். நாளுக்கு ஒண்ணா எடுத்துச் சுடவைங்க.’

சொந்த வீட்டில் அவர் தொலைந்தே போனார். சீனியைத் தேடி உப்பில் டீ குடித்தார். டீக்கடையில் ‘வீட்டுக்காரி எங்க?’ என்று கேட்டார்கள். ‘பாலைவனத்துக்கு’ என்றார். ‘நீங்க போகலையா?’ என்றார்கள். அடுத்த நாளிலிருந்து டீக்கடைக்கும் போகவில்லை.

ஏழாம் நாள் சாயங்காலம் செல்போனில் ஒரு படம் வந்தது. மணல்மேடு. அதே வரி வரியான மடிப்பு. ஒட்டகத்தின்மேல் ஆரிபா, திரும்பிப் பார்த்துச் சிரித்துக்கொண்டு. முதுகில் 1147. கூடவே அவள் குரல்: “மச்சான், மணலு ஐஸாட்டம் இருக்கு. நீங்க சொன்னது ஒண்ணுமே இங்க இல்ல. ஆனா உங்க சட்டைக்குள்ள கதகதன்னு இருக்கு.”

அந்தச் சட்டை முதல்தடவையாகப் பாலைவனம் பார்க்கிறது. அதற்குக்கூட சீட்டு கிடைத்துவிட்டது.

பசித்தது. ஹுமாயூன் எழுந்துபோய் ஃப்ரீசரைத் திறந்தார். பழகிய குளிர் முகத்தில் வந்து அப்பியது. ஏழாம் நம்பர் டப்பாவை இழுத்தார். மூடப்போனார். பழக்கதோஷம், தலையை உள்ளே நீட்டி, “அந்தர் கோயி...” என்றவர் அப்படியே நின்றார். டப்பா இருந்த இடத்துக்குப் பின்னால், பனி பூத்த சுவரில், இன்னொரு தாள் ஒட்டியிருந்தது.

‘குறிப்பு நாப்பத்தொண்ணு. உள்ள ஆளு இருக்கான்னு கூப்பிட வேணாம் மச்சான். இருபத்திரெண்டு வருசமா உள்ள இருந்த ஆளு இப்ப வெளியதான் நிக்கிறீக.’