பத்து மீட்டர்

கப்பல் மறுபடியும் எண்ணெய்க் கிணற்று மேடையை நோக்கி நகர ஆரம்பித்தது. பத்து மீட்டராக இருக்க வேண்டிய இடைவெளி எட்டாகியிருந்தது.

துணைக் கேப்டன் திரையிலிருந்த அந்த எண்ணை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. நங்கூரம் போட முடியாத ஆழம். கம்ப்யூட்டரும் எஞ்சின்களும்தான் கப்பலை ஒரே இடத்தில் பிடித்து வைக்க வேண்டும். மேடையிலிருக்கும் கிரேன் சரக்குப் பெட்டிகளை ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொள்ளும். சரக்கு குறையக் குறைய கப்பல் மேலெழும்பும், காற்றுக்குக் கொண்டாட்டம்.

மேடையின் காலில் இடித்தால் வேலை போகும். அது கிடக்கட்டும், டெக்கில் இரண்டு பேர் நிற்கிறார்கள். போன பயணத்தில் கட்டவிழ்ந்த பெட்டி சறுக்கி, அவர் கண்ணெதிரே ஒருவனை நசுக்கிப் போட்டது. அன்றிலிருந்து அவர் சொல்லாமல் டெக்கில் எதுவும் நடக்கக் கூடாது. தும்முவதானாலும் கேட்டுவிட்டுத்தான்.

"கொக்கி மாட்டியாச்சு சார்," என்றது டெக்கின் ரேடியோ. "அடுத்து..."

"தொணதொணக்காதீங்கய்யா! நான் கூப்பிடற வரைக்கும் ரேடியோவத் தொடக் கூடாது!"

உடனே கிரேன்காரரைக் கூப்பிட்டார். "கடைசிப் பெட்டி. சீக்கிரம் தூக்குங்க, ஓடிப்போயிடறோம்."

கிரேன் உறுமியது. கப்பல் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. ஏழு மீட்டர்.

"பாழாப்போன காத்து!" என்று எஞ்சின் வேகத்தைக் கூட்டினார். கம்ப்யூட்டரும் காற்று என்றே எடுத்துக்கொண்டது. பாவம், அதற்கு ஜன்னல் கிடையாது. ஜன்னல் இருந்தவரோ திரையையே முறைத்துக்கொண்டிருந்தார்.

ஆறு மீட்டர்.

"ஏன் சார் கப்பலை எதிர்ப்பக்கமா இழுக்கறீங்க?" கிரேன்காரர் கத்தினார். "பெட்டிக்குள்ள என்ன மலையா இருக்கு?"

"உங்க கிரேனுக்கு வயசாயிடுச்சு. நல்லா இழுங்க!"

நன்றாகவே இழுத்தார். ஐந்து. அபாய மணி அலறியது. அதை அடக்கிவிட்டு, இருந்த விசையை எல்லாம் கொடுத்தார். கப்பல் அடிவயிற்றிலிருந்து நடுங்கி, ஆணி அடித்த மாதிரி நின்றது.

ஐந்தேதான்.

"பிடிச்சுட்டேன்!" அவருக்கு அழுகையே வந்துவிட்டது. அப்போதுதான் ஜன்னல் வழியே பார்த்தார். விறைத்து நின்ற கிரேன் வடத்துக்குக் கீழே அந்த இரண்டு பேரும் அண்ணாந்தபடி நின்றிருந்தார்கள். உயிரோடு.

மூச்சிரைக்கப் படியேறி வந்தார் சமையல்காரர்.

"ரேடியோவத் தொடக் கூடாதுன்னுட்டீங்களாம், பசங்க என்னைக் கேட்டுட்டு வரச் சொன்னாங்க சார். அந்தப் பெட்டிய டெக்கோட சேத்துக் கட்டியிருக்கற சங்கிலிய இப்ப அவுக்கலாமா?"