சாவி ரயில் பழுதுபார்க்கப்பட்ட விவரம்

அன்புள்ள தம்பிக்கு,

உன் அக்காள் எழுதுவது. நான் நலம். நீ நலமா என்று கேட்பது மரபு. ஆனால் உன் மனைவி நாள்தோறும் காலை பத்து மணிக்கு உன் முழங்காலின் நிலவரத்தை வானிலை அறிக்கை போலத் தொலைபேசியில் வாசித்துவிடுவதால், அந்தக் கேள்வியைத் தவிர்க்கிறேன். இக்கடிதத்தைக் கொண்டுவரும் பெரியவர் உள்ளே வரச் சொன்னால் மறுத்துவிடுவார். வாசல் நாற்காலியில் உட்காரச் சொல். அவர் யார் என்பது போகப் போகத் தெரியும்.

மூன்று வாரங்களுக்கு முன்பு உன் மனைவி சொன்னாள்: “அண்ணி, ஆபரேஷன் ஆகி எட்டு வாரம் முடிஞ்சுது. இனிமேலும் வாக்கரை விடலன்னா முட்டி அப்படியே இறுகிப் போயிடும்னு டாக்டர் திட்டுறார். இவர் அதைக் கட்டிப் புடிச்சுக்கிட்டே நிக்கிறார். எப்பதான் விடுவீங்கன்னு கேட்டா, அக்கா உடைச்ச ரயில் ஓடட்டும், அன்னைக்கு விடுறேங்கிறார்.” பின்னால் நீ சிரித்ததும் எனக்குக் கேட்டது. நீ அதை வேடிக்கையாகச் சொல்லியிருப்பாய். முப்பத்தோராண்டுகள் கல்லூரியில் தர்க்கவியல் கற்பித்த எனக்கு அது முன்பகுதியும் பின்பகுதியும் பிழையின்றி அமைந்த ஒரு நிபந்தனை வாக்கியமாகப் பட்டது. முன்பகுதி நிறைவேறினால் பின்பகுதியிலிருந்து எவரும் தப்ப முடியாது, நீயும்தான். இதில் ‘அக்கா உடைச்ச’ என்ற அடைமொழி வேறு. எனக்குப் பன்னிரண்டு வயது, உனக்கு ஆறு. உன் பொம்மை ரயிலை நான் மிதித்துவிட்டேன் என்று நீ அழுத அழுகையில் அப்பா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. பிறகு என் திருமணத்தன்று மாப்பிள்ளையிடம், “பாத்து இருங்க மாமா, அக்கா மிதிச்சிடும்” என்று சொல்லி என்னை அறிமுகப்படுத்தியவனும் நீதான். அறுபத்தைந்து ஆண்டுகளாக இந்தப் பட்டத்தைச் சுமந்து வருகிறேன். என் முனைவர் பட்டத்தைக்கூட யாரும் இத்தனை முறை சொன்னதில்லை.

ஆகவே அலமாரியின் மேலிருந்து, அந்த ரயிலின் சாமான்களை எல்லாம் போட்டுவைத்த பெட்டியை இறக்கினேன். இஞ்சினில் ஒரு சக்கரம் இல்லை, சக்கரங்களைச் சேர்த்து இயக்கும் தண்டு இல்லை, சாவி இல்லை, உள்ளே ஸ்பிரிங் அசையவில்லை. கடிகாரம் பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோனேன். “இது கடிகாரம் இல்லம்மா,” என்றார். உள்ளே ஸ்பிரிங் இருக்கிறதே என்றேன். “எங்க வீட்டு மெத்தையிலகூடத்தான் ஸ்பிரிங் இருக்கு. அதை நானா ரிப்பேர் பண்றேன்?” என்றார். இந்த வாதத்தில் குறை காண முடியாததால் வீட்டுக்குத் திரும்பி, சக்கரத்துக்குப் பதிலாகக் கோட்டுப் பொத்தான் ஒன்றை வைத்துக் கட்டிப் பார்த்தேன். இஞ்சின் உன்னைப் போலவே ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. உன் முழங்காலுக்கு மூன்று அளவுகளில் பாகம் தயாராக வைத்திருந்தார்கள் என்பதை நினைவில் கொள். அறுபத்தேழு வயதான ஒரு தகர இஞ்சினுக்கு அந்த வசதி கிடையாது. பழைய விளையாட்டுச் சாமான் கடைகள் நான்கில் ஏறி இறங்கினேன். ஒருவர் பேட்டரியில் ஓடும் ரயிலைக் காட்டி, “இது புகையும் விடும், பாட்டும் பாடும், பேரனுக்கு வாங்கிட்டுப் போங்க,” என்றார். என் தம்பிக்கு, வயது எழுபத்தொன்று என்றேன். அதன்பின் என்னிடம் மெதுவாகப் பேசினார்.

கடைசியில் கடிகாரக்காரரே இரக்கப்பட்டு ஒரு பல் மருத்துவரிடம் அனுப்பினார். தொழிலை விட்டுப் பல ஆண்டுகள் ஆகியும் நாற்காலியையும் விளக்கையும் கருவிகளையும் விடாமல், அவற்றைக் கொண்டு பழைய சாவி ரயில்களைச் சீர்செய்பவர். அலமாரி நிறைய சக்கரங்கள்; அளவுவாரியாக, ஆண்டுவாரியாக. பொத்தானைப் பார்த்ததும் அவர் முகம் போன போக்கு இருக்கிறதே, நானே வாயைத் திறந்து சொத்தைப் பல்லைக் காட்டியது போலக் கூசிப் போனேன். “யார் மேடம் கட்டினது இது?” என்றார். கடிகாரக்காரர் என்று பொய் சொன்னேன். அவர் எதையும் விற்பதில்லை, மாற்றிக்கொள்வது மட்டுமே. அதுவும் அதே ஆண்டில், அதே தொழிற்சாலையில் செய்த சாமானாக இருக்க வேண்டும். சக்கரத்துக்கு நம் சிக்னல் கம்பத்தைக் கேட்டார், கொடுத்தேன். தண்டுக்கு, இஞ்சின் இழுக்கும் பச்சைப் பெட்டிகள் இரண்டையும் கேட்டார். கல்லூரி நிர்வாகத்தோடு மல்லுக்கு நின்று பழகிய நான், தகர நிலையத்தை மட்டும் தருவதாக அரை மணி நேரம் வாதாடி, இறுதியில் பெட்டிகளோடு நிலையத்தையும் கொடுத்துவிட்டு வந்தேன். சாவிக்கு, வீட்டில் இடத்தை அடைத்துக்கொண்டிருந்த அந்த நீளமான அட்டைப்பெட்டியைக் கேட்டார். “அப்புறம் வருத்தப்பட மாட்டீங்களே மேடம்?” என்று இரண்டு முறை கேட்டார். நான் வருத்தப்படுகிற ஆள் இல்லை என்று இரண்டு முறை சொன்னேன்.

இனி முக்கியமான செய்தி. இஞ்சினை நோயாளி நாற்காலியில் படுக்க வைத்து, விளக்கை இறக்கி, வயிற்றைத் திறந்தார். பற்சக்கரங்களுக்கு நடுவே இடுக்கியை விட்டு எதையோ பிடித்தவர், “கொஞ்சம் வலிக்கும்,” என்று பழக்கதோஷத்தில் சொல்லிவிட்டு இழுத்தார். வெளியே வந்தது வெள்ளையாக, அரிசியைவிடச் சற்றுப் பெரிதாக இருந்தது. கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

“மேடம், இது ரயில் பார்ட் இல்ல.”

“பின்னே?”

“கீழ்த்தாடை முன்பல். பால் பல். ஆறு வயசுப் பிள்ளையோடது. கடினமான எதையோ கடிச்சு இழுத்திருக்கான். நாப்பது வருஷ சர்வீஸ், என் பேச்சை நம்பலாம்.”

அந்த ஆண்டுப் பள்ளிக்கூடப் புகைப்படத்தில் நீ வாயை இறுக மூடிக்கொண்டு நிற்பதன் காரணத்தை நம் குடும்பத்தில் எவரும் ஆராயவில்லை. அச்சாணியைப் பல்லால் பிடுங்கப் பார்த்தாய், பல் உள்ளே விழுந்தது, ரயில் நின்றது, பழி என்மேல் விழுந்தது. சான்றுப்பொருளைப் பஞ்சில் சுற்றி இத்துடன் இணைத்திருக்கிறேன். உன் மனைவி முன்னிலையில் பிரிக்கவும்.

பல்லை எடுத்ததும் ஸ்பிரிங் பெருமூச்சு விட்டது. மருத்துவர் இஞ்சினைக் கையில் தூக்கிப் பிடித்துச் சாவி கொடுத்தார். நான்கு சக்கரங்களும் கிறுகிறுவென்று சுழன்றன. தொண்ணூற்றாறு வயதான அவர் தாயார் பக்கத்து அறையிலிருந்து, “என்னடா, மறுபடி யாருக்காவது பல்லு புடுங்குறியா?” என்று கேட்டார்.

ஆக, ரயில் தயார். வாக்கை நிறைவேற்ற ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணிக்கு என் வீட்டுக்கு வா. பதினோரு படிகள், பக்கத்தில் பிடிமானம் உண்டு. வாக்கருக்கு இங்கே இடமில்லை.

இரண்டு முழங்கால்களும் ஒரே கருத்தோடு மடங்கி நிமிர, நீ நெடுநாள் வாழ என் ஆசிகள். உன் மனைவிக்கு என் அன்பு. அது உன்னைவிட அவளுக்குத்தான் அதிகம் தேவைப்படும்.

இப்படிக்கு,
எதையும் மிதிக்காத உன் அக்காள்

பின்குறிப்பு: நேற்று இஞ்சினைக் கூடத்துத் தரையில் விட்டேன். அரை அடி போய், திரும்பி, அலமாரிக்கு அடியில் புகுந்துகொண்டது. அப்போதுதான் அந்த நீளமான அட்டைப்பெட்டியில் இருந்தவை தண்டவாளங்கள் என்பது நினைவுக்கு வந்தது. பேரத்தின் சூட்டில் தர்க்கவியல் கைகொடுக்கவில்லை. மருத்துவர் தண்டவாளத்தைத் திருப்பித் தரச் சம்மதித்துவிட்டார், ஆனால் மாற்றுக்கு மட்டுமே. அவர் தாயாருக்கு ஒரு வாக்கர் தேவைப்படுகிறதாம்; அதற்கு மட்டும் ஆண்டும் தொழிற்சாலையும் பார்க்க மாட்டாராம். உன்னுடையதைத் தருவதாக ஒப்புக்கொண்டுவிட்டேன். இதனால் உன் நிபந்தனையின் முன்பகுதியும் பின்பகுதியும் இடம் மாறிவிட்டன: ரயில் ஓடினால் நீ வாக்கரை விடுவாய் என்பது போய், நீ வாக்கரை விட்டால் ரயில் ஓடும் என்றாகிவிட்டது. வாசல் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் அந்த மருத்துவர்தான். அவரைக் காக்க வைக்காதே. வாக்கரைப் பிடித்துக்கொண்டே வாசல்வரை போய்க் கொடுத்துவிடு. திரும்பி வரும்போதுதான் நடக்க வேண்டியிருக்கும்.