குடிக்கத் தகுந்த கழிவுநீர்

பூமியைக் காப்பாற்றும் பொறுப்பு 1994 ஜூன் மாதம் பீளமேட்டில் பதினொரு பேரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர்களில் அடியேனும் ஒருவன். படிப்பின் பெயர் சுற்றுச்சூழல் அறிவியல், முதுநிலை, இரண்டாண்டு. வேறு எதிலும் இடம் கிடைக்காதவர்கள்தான் அதில் சேர்ந்தார்கள் என்று ஒரு வதந்தி உண்டு. வதந்தி உண்மைதான்.

படித்து முடித்ததும் வேலைவாய்ப்புகள் எங்களைத் தேடி அலைந்து, விலாசம் கிடைக்காமல் திரும்பிவிட்டன. ஆனாலும் யாரும் 'துறையை'க் கைவிடவில்லை. ரிஃபத் பாலிதீன் பை ஏஜென்சி எடுத்தான். தேஜஸ்ரீ பூச்சிமருந்துக் கம்பெனியில் சேர்ந்தாள். எனக்கு மட்டும் 'சுற்றுச்சூழல் அதிகாரி' என்ற பதவியே கிடைத்தது.

கொடுத்தவர் லட்சுமணசாமி. சோமனூர்ப் பக்கம் புதிதாகச் சாயப்பட்டறை கட்டியிருந்தார். சோதனை ஓட்டமும் முடிந்துவிட்டது. கழிவுநீர் சுத்தமானது என்று ஒரு சான்றிதழ் வேண்டும். அது இல்லாமல் பட்டறையைத் தொடர்ந்து ஓட்ட முடியாது.

"தண்ணியப் பத்தி ரெண்டு வருசம் படிச்சீங்களாமா, கண்ணு?"

"ஆமாங்க."

"நல்ல தண்ணி எங்க கெடைக்குமுன்னு தெரியுமுங்களா?"

"எங்கூட்டுக் கொழாயிலயே சிறுவாணித் தண்ணி வருதுங்க."

"அது போதுமுங்க. நாளைக்கு ஒரு பாட்டல்ல புடிச்சுப்போட்டு வந்துருங்க."

என் கல்வியை இவ்வளவு சுருக்கமாக யாரும் பயன்படுத்திக்கொண்டதில்லை.

பாட்டிலில் 'சுத்திகரிக்கப்பட்ட கழிவுநீர்' என்று சீட்டு ஒட்டிக் கையெழுத்துப் போட்டேன். ஆய்வுக்கூடம் 'குடிக்கத் தகுந்தது' என்று எழுதித் தந்தது. பட்டறை ஓடத் தொடங்கியது. அதன்பின் மாதாமாதம் ஒரு பாட்டில். சுத்திகரிப்பு நிலையத்துக்கும் குறை வைக்கவில்லை. ஆயுத பூஜைக்குச் சந்தனம், குங்குமம், மாலை எல்லாம் உண்டு. துருப்பிடித்துவிடும் என்பதால் தண்ணீர் மட்டும் விடவில்லை.

ஆறு மாதம் கழித்துப் பக்கத்துத் தோட்டத்துச் சின்னத்தாயி வந்தாள்.

"ஏனுங்க சார், என்ற கெணத்துத் தண்ணி திங்கக்கெழமை நீலம், பொதங்கெழமை செவப்புங்க. மாடு மோந்துகூடப் பாக்க மாட்டீங்குது."

"வெள்ளிக்கெழமைங்க?"

"பச்சைங்க."

பதிவேட்டைப் பார்த்தேன். எங்கள் சாய ஆர்டர்கள் அதே வரிசையில், ஒரு நாள்கூடப் பிசகாமல் நடந்திருந்தன. எனக்கு வெட்கமாக இருந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு சரியாகிவிட்டது.

அவள் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் மனுக் கொடுத்தாள். விசாரணை நடந்தது. வாரிய அதிகாரி என் பாட்டிலுக்கு ஆய்வுக்கூடம் தந்த அறிக்கையை உரக்கப் படித்தார். சின்னத்தாயி கடைசிவரை கேட்டுவிட்டு எழுந்தாள்.

"அவீக தண்ணி அவ்வளவு நல்லதுங்களா? அப்ப அதையே எனக்குக் குடிக்கக் குடுத்துருங்க சாமி."

லட்சுமணசாமி என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். அதிகாரி அன்றே ஆணை பிறப்பித்தார்: 'மனுதாரரின் கிணறு காரணம் அறியா வகையில் கெட்டிருப்பதாலும், எதிர்மனுதாரரின் கழிவுநீர் குடிக்கத் தகுந்ததாக இருப்பதாலும், மேற்படி கழிவுநீரில் நாளொன்றுக்கு இரண்டு குடம் மனுதாரருக்கு வழங்க வேண்டியது.'

அன்றிலிருந்து என் பொறுப்பு கூடியது. தினமும் காலையில் எங்கள் வீட்டுக் குழாயில் இரண்டு கேன் பிடித்து, பீளமேட்டில் பஸ் ஏறுவேன்.

"கேன்ல என்னங்க சார், பாலுங்களா?" என்றார் கண்டக்டர்.

"கழிவுநீருங்க."

பக்கத்து சீட் ஆள் எழுந்து போய்விட்டார். சோமனூர்வரை தாராளமாக உட்கார்ந்து போனேன்.

முதல் நாள் சின்னத்தாயி ஒரு சொம்பு மொண்டு, அண்ணாந்து குடித்தாள். ஒரு சுற்றுச்சூழல் அதிகாரியின் உழைப்பை நேரடியாக ருசி பார்த்த முதல் குடிமகள் அவள்தான். பெருமையாகக் கேட்டேன்.

"எப்படீங்கக்கா இருக்குது?"

அவள் முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"பரவால்லீங்க சார். என்ற கெணத்துத் தண்ணி இதவிட நல்லா இருந்துச்சுங்க, நீங்க படிச்சுப்போட்டு வாரதுக்கு முன்னால."