துள்ளுபலகை அன்ரி

கனடாவின் ஸ்காபரோவில் நாங்கள் இருந்த அப்பார்ட்மென்டில் மானம் என்று ஒன்று மிச்சமிருந்தால், அது துள்ளுபலகை அன்ரியின் குரல் எட்டாத மாடியில்தான் இருந்திருக்கும். எங்கள் மாடியில் இருந்ததை அவர் தொண்ணூறுகளிலேயே வாங்கி முடித்துவிட்டார்.

அன்ரி எங்களுக்கு அடுத்த வீடு. மகன் வேலை கிடைத்துப் பிக்கரிங் பக்கம் போனபோது தன்னுடைய வீடியோ கேமை விட்டுவிட்டுப் போனான். அதைத் தூசி தட்டப் போன அன்ரி அதற்குள்ளேயே விழுந்துவிட்டார். முதுகில் மூட்டையோடு ஒரு சின்ன மனிதன் ரிவியில் இடமிருந்து வலமாக ஓடுவான். வழியில் பெரிய பள்ளம் வரும். பள்ளத்துக்கு முன்னால் ஒரு துள்ளுபலகை. அதில் சும்மா நின்றால் ஒன்றும் நடக்காது. குந்த வேண்டும். பலகை கீழே அமுங்கும். அந்த நேரம் பார்த்து எழும்பினால் மேகம்வரை தூக்கி எறியும். பிந்தினால் பள்ளம்தான்.

அன்ரி எப்போதும் பிந்துவார். அவன் குந்தும்போது தானும் குந்துவார், அவன் துள்ளும்போது தானும் துள்ளுவார், அவன் பள்ளத்தில் விழுந்தால் வாய்க்கு வந்தபடி ஏசுவார். கீழ்வீட்டுக்காரர் முறைப்பாடு செய்து, கட்டடத்தைப் பார்க்கிற சூப்பர் வந்து கதவைத் தட்டியபோது, "நான் என்ன செய்யிறது, அவன் நேரத்துக்கு எழும்புறான் இல்லை" என்று அந்த வெள்ளைக்காரனுக்குத் தமிழில் விளக்கம் கொடுத்தார். லிஃப்ட் புறப்படும்போதுகூடக் குந்துவார். நான் இந்த மனுசியைக் கண்டதே இல்லை என்பதுபோலச் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். விடமாட்டார்.

"பிள்ளை, நீயும் குந்து. மேல ஏறேக்க சுகமாயிருக்கும்."

இப்படியிருக்க, மிசிசாகாவிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை வாசலில் ஒற்றைக்காலில் நின்று, பனிச் சப்பாத்தைக் கழற்ற முடியாமல் என்னைப் பார்த்துச் சிரித்தார். எனக்கு அந்த இடத்திலேயே அவரைப் பிடித்துவிட்டது. அவருடைய அம்மா உள்ளே வந்து செற்றி சோபாவில் உட்கார்ந்தார். உடனே அன்ரி வீட்டுப் பக்கத்துச் சுவர் பேசியது.

"குந்தினது காணும், எழும்பு."

அவர் திடுக்கிட்டு எழும்பினார்.

"எத்தினை தரம் சொல்லுறது? உனக்கு வெக்கமில்லையே? போய்த் துலை."

என் அம்மாவுக்கு முகம் செத்துப்போனது. "அது... பக்கத்து வீட்டு ரிவி" என்றார்.

"உங்கட பக்கத்து வீட்டு ரிவி ஆக்கள் குந்தேக்க பாத்துத்தான் கதைக்குமோ?" என்று கேட்டுவிட்டு அந்த அம்மா சப்பாத்தைத் தேடினார். பலகாரமாக வைத்த ரோல்ஸ் தட்டை ஒருவரும் தொடவில்லை. மாப்பிள்ளை என்னை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுத் தாயின் பின்னால் போனார். நான் குளியலறைக்குள் போய் அழுதேன்.

பின்னேரம் அன்ரி சிரித்துக்கொண்டு வந்தார். "என்ன மாதிரி, சரிவந்திட்டுதோ?"

அம்மா எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தார். அன்ரி செற்றியையே பார்த்துக்கொண்டு நின்றார். "நானோ?" என்றார். பிறகு திரும்பிப் போய்விட்டார். அந்தக் கிழமை முழுக்கச் சுவருக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லை.

சனிக்கிழமை போன் வந்தது. நான்தான் எடுத்தேன். மாப்பிள்ளையின் அம்மா.

"இஞ்ச ஒரு மனுசி துவாயில எதையோ சுத்திக்கொண்டு வந்து எங்கட ரிவியில வயர் கொழுவுறா. உங்கட ஆளோ?"

யாரிடமோ விலாசம் வாங்கி, அந்த வீடியோ கேமையும் தூக்கிக்கொண்டு, அந்தப் பனிக்குள் பஸ் மாறி மாறி மிசிசாகாவரை போயிருக்கிறார். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. தெரியாது என்று சொல்லத்தான் வாயெடுத்தேன்.

"ஓம், எங்கட அன்ரிதான்" என்றேன்.

போனுக்குள் அன்ரியின் குரல் கேட்டது. "உங்களைச் சொல்லேல்லைத் தங்கச்சி, உவனைத்தான் சொன்னனான். பாருங்கோ, இப்ப குந்துவான். என்ர வாயால அந்தப் பிள்ளையின்ர வாழ்க்கையைக் கெடுத்துப்போட்டன் எண்டு எனக்கு ஒரு கிழமையா நித்திரையில்லை."

கேம் ஓடத் தொடங்கிய சத்தம் வந்தது. பிறகு போனை மறந்துவிட்டு மாப்பிள்ளையின் அம்மா பேசுவது கேட்டது. "எழும்பு, எழும்படா... ஐயோ, விழுந்திட்டான். இஞ்ச தாங்கோ அக்கா, நான் ஒருக்காப் பாக்கிறன்."

அடுத்த கோடையில் கலியாணம். நிறைந்த மண்டபத்தில், பாரமான கூறைச் சேலையோடு நான் மணவறைப் படியில் காலை வைக்கப் போனேன். முதல் வரிசையிலிருந்து, வீடியோக்காரருக்கும் கேட்கும்படி, அந்தக் குரல் வந்தது.

"பிள்ளை, குந்திப்போட்டு ஏறு."

மண்டபமே சிரித்தது. வெட்கத்தில் என் காது இரண்டும் கொதித்தன. சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அத்தனை பேருக்கும் முன்னால், அன்ரிக்காக ஒருக்காக் குந்தி எழும்பித்தான் மணவறை ஏறினேன்.